வாசலில் தங்கிவிட்ட ஆக்ஸில்

மைவி காரில் மலைச் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு மூன்று பேர் வசதியாகப் போகலாம் என்று என் கணவர் உங்களிடம் சொன்னால் நம்பிவிடாதீர்கள். போகலாம்தான். ஆனால் அந்த மூன்று பேரில் ஒருத்தி மனுஷியாக இறங்க மாட்டாள். எங்கள் வீட்டில் அந்த ஒருத்தி நான்தான், நோர்லேலா.

பின்சீட்டில் பெரிய பாதியை மடக்கிப் போடுவார். முன்சக்கரத்தைக் கழற்றிய சைக்கிளைப் பின்கதவு வழியாக நுழைப்பார். கீறல் விழக்கூடாதென்று என் பாத்திக் சாரோங்கில் ஒன்றை எடுத்துச் சுற்றுவார். மிச்சமிருக்கிற அரைச்சீட்டில் நான் ஒடுங்கி உட்கார வேண்டும். கழற்றிய சக்கரம் என் மடியில். ஹேண்டில்பார் என் காதை உரசிக்கொண்டே வரும். சங்கிலி எண்ணெய் படாத பாஜு கூரோங் உடை என்னிடம் ஒன்றுகூட இல்லை.

அது போதாதென்று, பின்கதவை மூடியபிறகு அதன்மேல் பட்டைகளால் ஒரு ஸ்டாண்டைக் கட்டி, தன்னுடைய கிழட்டுச் சைக்கிளையும் அதில் தொங்கவிடுவார். இந்த மனிதர் பந்தயம் ஓட்டுகிறவர் இல்லை. நகராட்சி நூலகத்தில் வேலை பார்க்கிறவர்.

“அந்த ஓட்டைச் சைக்கிள் எதுக்கு அபாங்? ஊர்வலமா போறோம்?” என்று கேட்டால், “ஸ்பேர், லேலா. அவசரத்துக்கு ஏதாவது கழட்டிக்கலாம்” என்பார்.

இவ்வளவு கூத்தும் எங்கள் மகள் வர்டினாவுக்காக. அவளுக்குப் பதினேழு வயது. மலை உச்சியிலிருந்து கல்லும் வேருமான காட்டுப்பாதையில் சைக்கிளை விட்டடித்து இறங்குகிற பந்தயம் அவளுடையது. நான் முதன்முதலில் பார்த்தபோது கண்ணை மூடிக்கொண்டு ஓதத் தொடங்கிவிட்டேன். இப்போதும் அப்படித்தான். ஆனால் பிள்ளைக்கு அதுதான் உயிர். மற்ற பெண்களுக்குக் கிளப் உண்டு, பெரிய வண்டி உண்டு, கூடவே ஒரு மெக்கானிக் வருவான். இவளுக்கு இருந்தது நாங்கள் இரண்டு பேரும் இந்த மைவியும்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புக்கிட் செருனாய் மலையில் இளையோருக்கான தேர்வுப் பந்தயத்தின் கடைசிச் சுற்று. முதல் இரண்டு இடம் பிடிக்கிற பெண்களை மாநிலக் குழுவில் எடுத்துக்கொள்வார்கள். தங்கிப் பயிற்சி, பயிற்சியாளர், சைக்கிள் எல்லாம் அவர்கள் பொறுப்பு. அடுத்த வருடம் அவளுக்கு வயது தாண்டிவிடும், இளையோர் பிரிவில் ஓட்ட முடியாது. முந்தின நாள் நடந்த தகுதிச் சுற்றில் இரண்டாவதாக வந்திருந்தாள். அதே மாதிரி இன்னொரு தடவை இறங்கினால் போதும். சனிக்கிழமை வீட்டுக்குத் திரும்பிவந்து, ஞாயிறு விடிந்ததும் விடியாததுமாக மறுபடி கிளம்பினோம். போக இரண்டு மணி நேரம். மழை வேறு.

இறங்கியதும் முதல் வேலை சைக்கிளைப் பூட்டுவது. என் கணவர் ஹஸ்னோல் பின்னால் தொங்கிய தன் ஓட்டைச் சைக்கிளை இறக்கினார், பின்கதவைத் திறந்தார், வர்டினாவின் சைக்கிளை வெளியே எடுத்தார். நான் மடியில் வைத்திருந்த சக்கரத்தை நீட்டினேன். அதை முன்பக்கக் கவையான ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கு நடுவில் வைத்துவிட்டு, சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் கால்சட்டைப் பை. அப்புறம் காருக்குள் தலையை விட்டார்.

“என்னபா?” என்றாள் வர்டினா.

“ஒண்ணுமில்ல.”

ஒன்றுமில்லை என்று அவர் சொன்ன தினுசிலேயே எதையோ தொலைத்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

சக்கரத்தை ஃபோர்க்கோடு பிணைக்கிற அச்சுக்கம்பி, ஆக்ஸில், அதைக் காணவில்லை. என் உள்ளங்கையை விடக் கொஞ்சம் நீளம், விரல் தடிமன், ஒரு முனையில் மரை. அவ்வளவுதான் அது. சக்கரத்தைக் கழற்றியதும் அதை வெறும் ஃபோர்க்கிலேயே திரும்ப முடுக்கிவிடுவதுதான் இவர்கள் எல்லோருக்கும் வழக்கம். ஹஸ்னோல் அந்த விஷயத்தில் பெரிய வாத்தியார். மற்ற பிள்ளைகள் மறந்தால் கூப்பிட்டு வைத்துப் பாடம் எடுப்பார்.

கம்பளத்தைத் தூக்கினோம். சீட்டுக்கு அடியில் கைவிட்டோம். சாரோங்கை உதறினோம். ஒரு பழைய டோல் ரசீதும் என் தொலைந்துபோன காதணியும் கிடைத்தன.  நான் பக்கத்து வீட்டு சாலேஹா அக்காவுக்கு போன் போட்டேன்.

“காக், கொஞ்சம் எங்க வாசலுக்குப் போய்ப் பாருங்களேன். ஒரு கறுப்புக் கம்பி, சின்னதா.”

“இரு, இரு. செருப்பு அடுக்கு மேல ஏதோ இருக்கு. உன் வீட்டுக்காரர் ஸ்க்ரூ டிரைவரை மறந்துட்டாரா?”

“அதேதான் காக். அதான் வேணும்.”

“அல்லாஹ்! நான் வேணா கார்ல கொண்டாந்துரட்டா?”

சாலேஹா அக்கா சந்தைக்கே இரண்டாவது கியரில் போகிறவர். அவர் பறந்து வந்தாலும் பிரயோசனமில்லை. பெண்கள் பிரிவு ஆரம்பிக்க ஒரு மணி நேரம்தான் இருந்தது. நன்றி சொல்லி வைத்துவிட்டேன். ஒரு நிமிடத்தில் படம் எடுத்து அனுப்பினார். எங்கள் வாசலில், என் ஜப்பான் ரப்பர் செருப்புக்கு மேல், அது சமர்த்தாகப் படுத்திருந்தது. ஹஸ்னோல் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க ஸ்பேர் இருக்கே, அதுலேருந்து கழட்டுங்க!” என்றேன்.

“அது பழசு லேலா. அதோடது மெல்லிசு. உள்ள விட்டா லொடலொடன்னு ஆடும்.”

“அப்ப எதுக்கு அந்தக் குப்பையை ஊர் ஊரா சுமக்குறீங்க?”

 அவர் ஆக்ஸில் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு ஒவ்வொரு கூடாரமாக ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். எல்லோரும் நல்லவர்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. போட்டி முடிந்தவர்கள் தங்கள் சைக்கிளிலிருந்தே கழற்றிக் கொடுத்தார்கள். ஒன்று மெல்லிசு. ஒன்று நீளம். ஒன்று தடிமன் சரியாக இருந்து, நீளமும் சரியாக இருந்து, கடைசியில் மரை பிடிக்கவில்லை. அது உள்ளே போனபோது எனக்கு உயிர் வந்தது. சுற்றச் சுற்ற அது சும்மா சுழன்றதைப் பார்த்து மறுபடி போய்விட்டது. நாசி லெமாக் சோற்றுக் கடைக்காரரிடம் ஓர் இரும்புக் கம்பியை வாங்கி வந்து அதைக்கூட நுழைத்துப் பார்த்தார் இந்த மனிதர். சைக்கிள் சோதனை மேசையில் இருந்தவர் அதைப் பார்த்ததும் தலையில் கைவைத்தார்.

“அபாங், பாறையில குதிக்கிற சைக்கிள் இது. இந்தக் கம்பி உடைஞ்சா உங்க பொண்ணு முகத்தாலதான் இறங்குவா. நான் விடமாட்டேன்.”

அவர் சொன்னதில் என்ன தப்பு? அதுவும் எரிச்சலாக இருந்தது. திட்டவும் ஆள் கிடைக்காத நாள் அது. எல்லாவற்றையும் சேர்த்து என் கணவர் மேலேயே கொட்டினேன்.

“ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுவீங்களே! கழட்டினா அங்கேயே முடுக்கணும், கழட்டினா அங்கேயே முடுக்கணும்னு! இன்னிக்குப் பாத்து உங்க புத்தி எங்க போச்சு? புள்ள வாழ்க்கையைச் செருப்புமேல வெச்சுட்டு வந்திருக்கீங்களே!”

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். “நேத்து திரும்பி வரப்ப ஃபோர்க்குல முடுக்கியிருந்த அதோட முனை உன் முழங்கால்ல குத்திக்கிட்டே வந்துச்சு. வீட்டுக்கு வந்து நீ தைலம் தேய்ச்சதைப் பார்த்தேன். அதான் இன்னிக்கு முடுக்காம, கையில எடுத்துக்கிட்டுப் போலாம்னு வெச்சேன். மழை வந்துச்சு. பின்னால ஸ்டாண்டைக் கட்டப் போயிட்டேன்.”

 முழங்கால் வலி பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததைப் பார்த்தவர், எடுக்க வேண்டியதை மறந்திருக்கிறார். இவரை நான் என்னவென்று திட்டுவது? திட்டாமல்தான் எப்படி இருப்பது?

அந்த நேரத்தில்தான் பினாங்கிலிருந்து வந்திருந்த சியூ எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். அவர் மகள் பெய் ஷானும் இவளோடு ஓட்டுகிறவள். வர்டினா தகுதிச் சுற்றில் இரண்டாவது என்றால் பெய் ஷான் மூன்றாவது. சியூ குனிந்து எங்கள் ஃபோர்க்கை ஒரு பார்வை பார்த்தார்.

“ஐயோ, ஹஸ்னோல்! இது எங்களோடது மாதிரியே. அச்சு அசல் ஒண்ணு.”

“உங்ககிட்ட இன்னொண்ணு இருக்கா?”

“ஒண்ணுதான் இருக்கு லா. அதுவும் மேல இருக்கு, அவ சைக்கிள்ல.”

பெய் ஷான் முன்னாடியே லாரியில் ஏறி உச்சிக்குப் போய்விட்டாள். இந்தப் பந்தயத்தில் ஒவ்வொருத்தியாகத்தான் விடுவார்கள், மெதுவானவள் முதலில், வேகமானவள் கடைசியில். பெய் ஷான் இறங்கினதும் அடுத்தது வர்டினா. வர்டினாவுக்குப் பின்னால் ஒருத்தி மட்டும். பெய் ஷான் அடிவாரத்துக்கு வந்தபிறகு கழற்றி, மோட்டார் சைக்கிளில் மலையைச் சுற்றி மேலே கொண்டுபோனால், அதற்குள் இவளுடைய முறை போய் வெகுநேரம் ஆகியிருக்கும். நேற்று இவள் கொஞ்சம் சோம்பலாக ஓட்டியிருந்தால்கூட இன்று வேறு முறை வந்திருக்கும். நன்றாக ஓட்டியதற்கா இது என்று நினைத்துக்கொண்டேன்.

“நான் கீழேயே நிக்கிறேன். அவ வந்ததும் நானே கழட்டி அனுப்புறேன். நீங்க சைக்கிளை மேல கொண்டுபோங்க” என்றார் சியூ.

அவர் மகளுக்கு அந்த இரண்டாமிடம் வேண்டுமென்றால் சும்மா இருந்தால் போதும். அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பேசி முடித்தோம். கடைசி லாரியில் சைக்கிளை ஒரு பக்கமும் சக்கரத்தை ஒரு பக்கமுமாக ஏற்றிக்கொண்டு உச்சிக்குப் போனோம்.

உச்சியில் பொறுப்பாக இருந்தவர் பட்லி. ஹஸ்னோல் அவரிடம் கெஞ்சினார். பெண்கள் முடிந்தபிறகு பையன்களோடு சேர்த்து விடச் சொன்னார். வேறெந்தப் பந்தயத்திலும் தன் பிள்ளைக்காக அவர் இப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

“அபாங், என் கையில இருந்தா இப்பவே சரின்னுடுவேன்” என்றார் பட்லி. “முறை வந்ததும் கடிகாரம் ஓட ஆரம்பிச்சிடும். அவ நின்னாலும் ஓடும். அப்புறமா கம்பி வந்தா ஏறி இறங்கலாம், தடை இல்ல. ஆனா காத்திருந்த நேரமும் அவ கணக்குலதான் சேரும்.”

பெய் ஷான் புறப்படும் வாயிலில் நின்றாள். திரும்பி வர்டினாவைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மணி அடித்துவிட்டது. போய்விட்டாள். வழியெல்லாம் ஆட்கள் ஊதுகிற விசில் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே போனது. அவள் விழக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். விழுந்தால் ஆக்ஸில் வராதே என்பதற்காக வேண்டினேனா, பிள்ளைக்காக வேண்டினேனா என்று கேட்காதீர்கள்.

அப்புறம் வர்டினாவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அவள் தலைக்கவசம், கையுறை எல்லாம் மாட்டி, வாயிலில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். சைக்கிளை ஹஸ்னோல் நிமிர்த்திப் பிடித்திருந்தார். அவள் சக்கரத்தை அதன் இடத்தில், துளைக்கு நேராகத் துளை வைத்து, இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கம்பி வந்ததும் ஒரு நொடி வீணாகக்கூடாதாம். மணி அடித்தது. சிவப்பு எண்கள் ஓட ஆரம்பித்தன. வாயிலிலிருந்து யாரும் புறப்படவில்லை. எண்கள் மட்டும் ஓடின. கடைசிப் பெண்ணைப் பக்கவாட்டில் விட்டு அனுப்பினார்கள். அவளும் போய்விட்டாள். இவள் பிடித்த பிடியை விடவில்லை.  பெற்றவளாக இருந்து என்ன பிரயோசனம்? ஒரு கம்பிக்கு ஆகவில்லையே நான்.

மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ஒருவர் சேறாக வந்து நின்று, கையை நீட்டினார். ஹஸ்னோல் வாங்கினார். துளையில் வைக்கப் பார்த்தார், பக்கத்தில் குத்தினார். வர்டினாவே வாங்கி நுழைத்து முடுக்கினாள். முதல் சுற்றிலேயே மரை பிடித்தது.

“வர்டினா, இனிமே எதுக்குடா? பாதை வேற வழுக்குது. வேணாம்டா கண்ணு” என்றார் அவர்.

“அபா, கையை எடுங்க.”

எடுத்தார். போய்விட்டாள்.

விசில் சத்தம் கேட்கத் தொடங்கியது. முதலில் சாதாரணமாகத்தான் ஊதினார்கள். கீழே போகப் போக சத்தம் பெருகியது. கத்தினார்கள், தகரத்தைத் தட்டினார்கள். என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை. மரம் மறைத்தது. பட்லியின் ரேடியோவில் யாரோ அலறினார்கள். வந்து சேர்ந்துவிட்டாள் என்பது மட்டும் புரிந்தது.

லாரி ஏறுவதற்கு ஹஸ்னோல் முன்னால் நடந்தார். பட்லி என்னை மட்டும் நிறுத்தினார்.

“காக், சொல்லலாமா வேணாமான்னு தெரியல. அவ இங்கேருந்து கிளம்பினப்ப என் கடிகாரத்தை அமுக்கி வெச்சேன், சும்மாதான். காத்திருந்ததைக் கழிச்சா…” அவர் கொஞ்சம் நிறுத்தினார். “இன்னிக்கு பொண்ணுங்கள்ல இவதான் முதல். நேத்து முதலா வந்த பொண்ணை விடவும்.”

 என் கணவர் செய்த சின்னத் தப்பைக்கூட எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்கப் பரப்புகிறவள் நான்.

“அவர்கிட்ட சொல்லிடாதீங்க” என்றேன். “கையெடுத்துக் கும்பிடுறேன், சொல்லிடாதீங்க.”

அடிவாரத்தில் பலகையில் வர்டினாவின் பெயர் கடைசியில் இருந்தது. பெய் ஷானின் பெயர் இரண்டாவது. முன்சக்கரம் இல்லாத சைக்கிளைக் கையில் பிடித்துக்கொண்டு, சந்தோஷப்படலாமா கூடாதா என்று தெரியாமல் அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். நான் போய் அவளைக் கட்டிக்கொண்டு வாழ்த்துச் சொன்னேன். மனதாரச் சொன்னேனா என்றால், பாதி மனதோடு. வர்டினா ஆக்ஸிலைக் கழற்றி, ஜெர்சியில் துடைத்து, சியூவிடம் நீட்டினாள். “தேங்க்ஸ் அங்கிள்.” அவர் வாங்கிக்கொண்டார்.

அப்புறம் அவள் நேராகத் தன் அப்பாவிடம் வந்தாள்.

“அபா, கீழ வளைவுல விழுந்துட்டேன். நல்லா விழுந்தேன். இன்னிக்கு எனக்கு ஓட்டமே வரல. ஆக்ஸில் இருந்திருந்தாலும் கிடைச்சிருக்காது.”

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. “ஆமா அபாங், மேல பட்லியும் அதான் சொன்னாரு. சுமாராத்தான் ஓட்டினாளாம்” என்றேன். பொய் அவ்வளவு சரளமாக வந்தது.

“அப்படியா?” என்றார். அவர் தோள் கொஞ்சம் இறங்கியதைப் பார்த்து எனக்கு நிம்மதியாக இருந்தது.

காரில் ஏற்றுவதற்கு முன் அவர் வழக்கம்போல ஈரத்துணியை எடுத்துக்கொண்டு சைக்கிளைத் துடைக்க உட்கார்ந்தார். அந்தச் சைக்கிளில் இருக்கிற ஒவ்வொரு கீறலும் எந்த மலையில் எந்தக் கல்லில் விழுந்தது என்று அவருக்குத் தெரியும். விழுந்த சைக்கிள் என்றால் கைப்பிடி முனையில் மண் அப்பியிருக்கும், பெடலில் புல் சிக்கியிருக்கும். நானும் வர்டினாவும் அதை யோசிக்கவில்லை. அவர் இடது கைப்பிடியைத் துடைத்தார். சைக்கிளைத் திருப்பி வலது கைப்பிடியைப் பார்த்தார். பெடலைச் சுற்றிப் பார்த்தார். தெறித்த சேறு தவிர வேறொன்றும் இல்லை. வெகுநேரம் அந்த வலது கைப்பிடியையே பிடித்துக்கொண்டிருந்தார்.

“அடி ஒண்ணும் படலையே?” என்று கேட்டார், நிமிராமல்.

“இல்லபா.”

“நல்ல வேளை” என்றார். துணியால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

வர்டினா ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொள்ளவில்லை. நானும் போகவில்லை. போயிருந்தால் மூன்று பேரும் உண்மையைச் சொல்ல வேண்டி வந்திருக்கும். அவர் எழுந்து வருகிறவரை நானும் அவளும் பின்கதவருகே நின்று, சீட்டை மடக்குவதும் நிமிர்த்துவதுமாக இருந்தோம்.